தரைத்தளம் யாருக்கு?

வெள்ளவத்தைப் புகையிரத நிலையத்தில் மாலை வேளையில் இறங்கிக் காலி வீதியை நோக்கி நடப்பவர்கள், அந்தச் சில நிமிட நடையில் எவற்றைக் கடந்து செல்கின்றார்கள் என்பதைக் கவனித்திருக்கக்கூடும். ஒழுங்கைகளின் இரு மருங்கிலும் தொடர்மாடிகள். அவற்றின் தரைத்தளத்தில் இரும்புக் கதவு, காவலாளியின் கூண்டு, அதற்கப்பால் அரையிருளில் நிற்கும் வாகனங்கள். நடைபாதை இருக்கவேண்டிய இடத்தில் வாகனங்கள் ஏறி இறங்குவதற்கான சரிவு. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வாழும் ஒழுங்கையில் ஓர் இறாத்தல் பாண் வாங்குவதற்கும் காலி வீதி வரை சென்றாக வேண்டியிருக்கின்றது.

கீழே கடைகளும் அலுவலகங்களும், மேலே வீடுகளுமாக அமையும் கட்டடத்தைக் கலப்புப் பயன்பாட்டுக் கட்டடம் என நகரத் திட்டமிடலாளர்கள் அழைக்கின்றனர். பெயர் புதிது, பொருள் பழையது. கொழும்புச் செட்டியார் தெருவில் கீழே கடையும் மேலே குடியிருப்புமாக வாழ்ந்தவர்களுக்கு இதனை எவரும் விளக்க வேண்டியதில்லை. இத்தகைய கட்டடங்களைப் புகையிரத நிலையத்திலிருந்தோ பிரதான பஸ் தரிப்பிடத்திலிருந்தோ ஐந்தாறு நிமிட நடைக்குள், அதாவது சுமார் 400 அல்லது 500 மீற்றருக்குள், நெருக்கமாக அமைப்பதே பொதுப் போக்குவரத்தை மையமாகக் கொண்ட நகர அமைப்பு எனப்படுகின்றது.

ஹொங்கொங்கின் கௌலூன் பே பகுதியில், புகையிரதங்கள் நிறுத்திப் பராமரிக்கப்படும் பணிமனைக்கு மேலேயே 1980களின் தொடக்கத்தில் 41 கட்டடங்களில் ஏறத்தாழ 5,000 வீடுகள் எழுப்பப்பட்டன. சிங்கப்பூரின் தோ பாயோவில் 1987இல் புகையிரதம் வந்தது. 2002இல் பஸ் நிலையமும் கடைத்தொகுதியும் அதனோடு ஒரே வளாகமாக இணைக்கப்பட்டன. இவை அரசின் கையில் நிலம் இருந்ததால் இயன்றவை. வெள்ளவத்தையில் நிலம் தனியாரிடம், அதுவும் சிறு சிறு துண்டுகளாக உள்ளது. ஆகையால் அந்நகரங்களின் வரைபடத்தை அப்படியே இங்கு விரிப்பதில் பயனில்லை. ஆயினும் புகையிரதம், பஸ், சந்தை, நெருக்கமான குடியிருப்பு ஆகிய நான்கும் இங்கு ஏற்கெனவே உள்ளன. 1983க்குப் பின்னரும் யுத்த காலத்திலும் இடம்பெயர்ந்து வந்தவர்களால் நெருக்கமடைந்த பகுதி இது. எவரும் திட்டமிடாமலேயே பாதி வேலை முடிந்திருக்கின்றது. எஞ்சிய பாதி தரைத்தளத்தில்தான் தங்கியுள்ளது.

தரைத்தளத்தை விழுங்குவது வாகனத் தரிப்பிடமே. ஒரு வாகனம் நிற்பதற்கு 2.4 மீற்றர் அகலமும் 4.8 மீற்றர் நீளமும் போதும் எனக் கொண்டாலும், அது திரும்பவும் உள்ளே வந்து வெளியேறவும் தேவையான வழியைச் சேர்த்தால் சுமார் 25 சதுர மீற்றர் வேண்டும். ஒரு பேர்ச் நிலத்தின் அளவும் ஏறத்தாழ இதுவே. பேர்ச் கணக்கில் விலை பேசப்படும் வெள்ளவத்தையில் ஒரு வாகனம் ஒரு பேர்ச்சை எடுத்துக்கொள்கின்றது! 20 பேர்ச் காணியில் 20 வீடுகளைக் கட்டி வீட்டுக்கு ஒரு தரிப்பிடம் ஒதுக்கினால், மாடிப்படிக்கும் மின்தூக்கிக்கும்கூட இடம் எஞ்சாது. வாகனங்கள் முதலாம் மாடிக்கும் ஏறுகின்றன. நகர அபிவிருத்தி அதிகார சபையின் விதிகள் வீடுகளின் எண்ணிக்கைக்கும் பரப்பளவுக்கும் ஏற்பத் தரிப்பிடங்களைக் கோருகின்றன. அச்செலவு வீட்டு விலையில் சேர்கின்றது. வாகனமே இல்லாதவரும் அதனைச் செலுத்துகின்றார்.

அவ்வாறு செலுத்துபவர்களில் கணிசமானோர் முதியவர்கள். பிள்ளைகள் கனடாவிலோ இலண்டனிலோ இருக்க, அவர்கள் வாங்கிக் கொடுத்த வீட்டில் தனித்து வாழ்பவர்கள். அவர்களுக்கு வேண்டியது வாகனத் தரிப்பிடமன்று. மின்தூக்கியில் இறங்கியதும் ஒரு மருந்துக் கடை, ஒரு பலசரக்குக் கடை, அமர்ந்து பேச ஒரு வாங்கு. 2022ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டின்போது வாகனம் வைத்திருந்தோரும் இதே நிலைக்குத் தள்ளப்பட்டமை மறந்துவிடக்கூடியதன்று.

கடைகளைக் கீழே வைப்பதென்பது வாகனங்களை அகற்றிவிட்டு அவ்விடத்தில் கதவுகளைப் பொருத்துவதோடு முடியும் காரியமும் அன்று. கொத்துரொட்டிக் கடைக்கு நேர் மேலே படுக்கையறை அமைந்தால், அவ்வீட்டில் எவர் குடியிருப்பார்? இதற்காகவே நல்ல வடிவமைப்பாளர்கள் முதலாம் மாடியை இடைத்தளமாகக் கொள்கின்றனர். மருத்துவர் அறை, தனியார் கல்வி நிலையம், அலுவலகம் போன்றவற்றை அங்கு வைத்து, வீடுகளை இரண்டாம் மாடியிலிருந்து தொடங்குகின்றனர். சமையற் புகையைக் கூரை வரை கொண்டுசெல்லும் குழாய் வழியை வரைபடத்திலேயே ஒதுக்க வேண்டும். பின்னர் சுவரைத் துளைத்து அமைப்பது வழக்குகளில்தான் முடிகின்றது. குடியிருப்போரின் வாயிலும் மாடிப்படியும் மின்தூக்கியும் கடைகளுக்கு வருவோரினதிலிருந்து வேறாக இருத்தல் அவசியம். வீடுகளின் கழிவுநீர்க் குழாய்கள் கடைகளின் கூரைக்குள் இறங்கக்கூடாது. தூண்களின் இடைவெளியும் முக்கியமானது. வாகனத்துக்கு ஏற்ற இடைவெளி கடைக்குப் பொருந்துவதில்லை. கடைக்குப் பொருந்துவது வீட்டுச் சுவர்களோடு ஒத்துவருவதில்லை. இவற்றை ஆரம்பத்திலேயே இணக்காவிட்டால், மேலுள்ள சுமையைத் தாங்கிக் கீழே திருப்பிவிடப் பருத்த உத்தரங்கள் தேவைப்பட்டுச் செலவு ஏறும்.

புகையிரத நிலையங்களுக்கு அண்மையில் கட்டாயத் தரிப்பிட எண்ணிக்கையைக் குறைத்து, அதற்குப் பதிலாக வீதியோரக் கடைகளையும் தடையற்ற நடைபாதையையும் அதிகார சபை கோரலாம். தரிப்பிடத்தை வீட்டிலிருந்து பிரித்துத் தனியாக விற்கவும் வழி செய்யலாம். அப்படியானால் வாகனங்கள் ஒழுங்கைகளில் நிறுத்தப்படும் என்பர். இந்த அச்சம் நியாயமானதே. ஒழுங்கைகளில் வாகனம் நிறுத்துவதைப் பொலிஸாரும் மாநகர சபையும் உண்மையாகவே தடுக்காதவிடத்து இந்தத் தளர்வு தீமையாகவே முடியும். அலுவலக நேரத்தில் கரையோரப் புகையிரதங்களில் கால் வைக்கவும் இடமில்லை என்பதும் நாமறிந்ததே. பெட்டிகளைக் கூட்டாமல் மக்களை நிலையத்தருகே குவிப்பதில் பொருளில்லை.

புதிய பாதை வரட்டும், பிறகு பார்ப்போம் என்று காத்திருப்பதும் சரியன்று. மாலபேயிலிருந்து கோட்டை வரையான இலகு ரயில் திட்டத்துக்கு ஜப்பானுடன் 2019இல் கடன் உடன்படிக்கை கைச்சாத்தானது. 2020 செப்டெம்பரில் அது கைவிடப்பட்டது. கரையோரப் பாதையோ 19ஆம் நூற்றாண்டிலிருந்து ஓடிக்கொண்டிருக்கின்றது.

கட்டி முடிந்த தொடர்மாடிகளிலும் வழி முற்றாக அடைபட்டுவிடவில்லை. வெறுமையாகக் கிடக்கும் இரண்டொரு தரிப்பிடங்களை, உரிமையாளர்களின் இணக்கத்தோடும் உரிய அனுமதியோடும், வீதியை நோக்கிய சிறு கடையாக மாற்றலாம். அந்த வாடகையில் ஒரு பங்கு முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்துக்குச் சென்றால், மாதந்தோறும் தகராறுக்குள்ளாகும் மின்தூக்கிப் பராமரிப்புச் செலவில் ஒரு பகுதியேனும் அதிலிருந்து ஈடாகும்.