வண்ணம் களைந்த கிதார்

பழைய மின்கிதார் ஒன்றின் வண்ணத்தை மிகுந்த பிரயாசையோடு சுரண்டியெடுத்த வாசகர் ஒருவர், உள்ளிருந்து வெளிப்பட்ட மரத்தின் ரேகையழகில் மயங்கிப்போய், அதை அப்படியே வெறுமேனியாக விட்டுவிடலாமா என்று கேட்டு எழுதியிருக்கிறார். கூடாது என்பதே என் அபிப்பிராயம். அறுபட்டுப் பலகையான பின்னும் மரம் காற்றின் ஈரத்தைக் குடிப்பதையும் விடுவதையும் நிறுத்துவதில்லை; ரேகைக்குக் குறுக்கே உப்பிச் சுருங்குகிற அந்தச் சுபாவத்தோடு வாசிப்பவரின் வியர்வையும் சேர்ந்துகொண்டால், இன்று மயக்குகிற அழகு அழுக்கேறி நிற்கும். பூச்சில்லாவிட்டால் நாதம் மேம்படும் என்பதற்கு, 1968-இல் ஜான் லெனன் தம் எபிஃபோன் கேசினோ கிதாரின் பூச்சை நீக்கியதைப் பலர் சாட்சிக்கு அழைக்கிறார்கள். அதுவோ உட்குடைவான வாத்தியம். கம்பியின் அசைவைக் காந்தச்சுருள் வாங்கிக்கொள்ளும் கெட்டிப்பலகைக் கிதாரில், பூச்சை நீக்கினால் நாதம் கூடிவிடும் என்பதை என்னால் நம்ப இயலவில்லை.

ஃபெண்டர் கம்பெனியார் ஆரம்பத்தில் பெரிதும் கையாண்ட ஆஷ் மரத்தில் நுண்துளைகள் திறந்திருக்கும். பட்டி பார்த்து அடைக்காவிடில் பூச்சு குழிவிழும். தங்கள் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிதாருக்கு 1956 முதல் அவர்கள் பெரும்பாலும் உபயோகித்த ஆல்டர் மரத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. எதுவாயினும், ஈரத்துணியால் துடைத்து, சிலிர்த்தெழும் நாரை உப்புத்தாளால் தேய்த்து அடக்கியபின், ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை முதற்காப்பாகப் பூசலாம். எங்கள் வீட்டு ஊஞ்சல் பலகைக்கு ஆசாரி துணிப்பந்தில் தோய்த்துத் தேய்த்த அதே அரக்குத்தான்.

அதன்மேல் வருகிற நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரிடம் எனக்குத் தீராத மோகம். பஞ்சின் செல்லுலோஸும் நைட்ரிக் அமிலமும் சேர்ந்து பிறந்த இது, வெடிபஞ்சுக்கும் அக்காலத்துச் சினிமாச் சுருளுக்கும் தாயாதி. ஆதலால் நெருப்பண்டாத, காற்றோட்டமான இடத்தில்தான் இதைத் தெளிக்கவேண்டும். கரைப்பான் ஆவியாவதொன்றே இது காயும் வழியாகையால், புதிதாய் ஏறும் பூச்சு முந்தைய பூச்சைச் சற்றே இளக்கி அதனோடு ஒன்றாகிவிடுகிறது. காய்ந்த கருப்பட்டிமேல் சுடுபாகு வார்த்து என் பாட்டி இரண்டையும் ஒன்றாக்குவாளே, அப்படி. பாலியெஸ்டர் பூச்சோ வெந்த தோசை. மேலே ஊற்றிய மாவு தனித் தோசையாகுமேயன்றி அடியிலிருப்பதோடு சேராது.

இவ்விதம் இளகுகிற குணமே லாக்கருக்கு வினையும் ஆகிறது. வாரக்கணக்கில் பொறுமையாகப் பூசி, காயவிட்டு, மெருகேற்றியவர்கள், கடைசியில் கடையில் கிடைத்த ரப்பர்த் தாங்கியொன்றில் அதைச் சாய்த்துவிட்டு மாதக்கணக்கில் மறந்துபோகிறார்கள். ரப்பரிலுள்ள இளக்கிப்பொருள் சிறுகச் சிறுக லாக்கரில் இறங்கி அதைப் பிசினாக்கிவிடுகிறது. என் சிநேகிதர் ஒருவரின் கிதாரில் அந்தத் தாங்கியின் இரு தடங்களும் இன்னும் இருக்கின்றன. இப்போது அவர் தாங்கியின் கைகளில் பழைய வேட்டித்துண்டைச் சுற்றிவைத்திருக்கிறார்.