பிள்ளை முன்னால், சொந்தக்காரர்கள் பின்னால்

சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் எங்கள் அச்சன்புதூர் டீக்கடை பெஞ்சில் உட்கார இடம் கிடைக்காது. குற்றாலத்தில் குளித்துவிட்டு மேக்கரைப் பக்கம் தோட்ட வீடுகளுக்குப் போகிற கார்கள், வடகரைக்கு முன்னால் இங்கே ஒரு டீக்கு நிற்கும். அப்படி நின்ற ஒரு வண்டியைப் பற்றித்தான் கடைக்கார பாய்க்குச் சந்தேகம். வெள்ளைக்காரத் தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, சித்தி முறையில் ஒருத்தி. கூடவே பன்னிரண்டு பதின்மூன்று வயதில் அசல் நம் ஊர்ப் பிள்ளை. இவர் அந்தப் பிள்ளையிடம் “என்னம்மா வேணும்?” என்று கேட்டிருக்கிறார். அது திருதிருவென்று விழித்திருக்கிறது. பாட்டிதான் முன்னால் வந்து விரலைக் காட்டி எத்தனை டீ என்று சொன்னதாம்.

“தத்து எடுத்த பிள்ளையாம், டிரைவர் சொன்னாரு. பெத்தவளைத் தேடி வந்திருக்காவளோ சார்?”

அந்தக் குடும்பம் யார் எவர் என்று எனக்குத் தெரியாது. ஆனால் இப்படி வருகிற குடும்பங்கள் பலவும் முதல் தடவை யாரையும் தேடி வருவதில்லை. பிறந்த நாட்டைப் பார்க்க வருகிறார்கள். வெயில், மழை, பஸ், கோயில், சாப்பாடு, கூட்டம். முடிந்தால் பிள்ளை இருந்த இல்லத்தின் வாசல்வரை. தேடுவது தனி வேலை. அது பிள்ளை வளர்ந்து, தானே கேட்டால்தான்.

“அதுக்குத் தாத்தா பாட்டி எல்லாம் எதுக்கு?”

“அந்தப் பாட்டியை உங்க கடையில எத்தனை பேரு பாத்தாங்க?”

“எல்லாரும்தான்.”

“பிள்ளையை?”

பாய் யோசித்தார். “ஒருத்தரும் பாக்கலியே. நான்தான் என்ன வேணும்னு கேட்டேன்.”

சொந்தக்காரர்கள் வருவதில் உள்ள பெரிய லாபமே இதுதான் என்பது என் எண்ணம். டென்மார்க்கிலோ ஸ்வீடனிலோ பள்ளிக்கூட வாசலில் நிற்கிறபோது கூட்டத்தில் தனியாகத் தெரிகிற முகம் அந்தப் பிள்ளையுடையது. எந்த ஊர், எங்கிருந்து வந்தாய் என்ற கேள்வி அதற்கு மட்டும்தான் வரும். தென்காசி கடைத்தெருவில் இறங்கினால் எல்லாம் தலைகீழ். பிள்ளை கூட்டத்தோடு கலந்துவிடுகிறது. தாத்தாவைத்தான் ஊரே திரும்பிப் பார்க்கிறது. எல்லோரும் பார்க்கிற இடத்தில் நிற்பது எப்படி இருக்கும் என்று அந்தப் பாட்டிக்கு எழுபது வயதில் முதல்முறையாகத் தெரிய வருகிறது. பேத்தி வீட்டில் வந்து சொல்லாத ஏதோ ஒன்று அப்போது அவருக்குப் புரியக்கூடும்.

ஆனால் கலந்துவிட்டோம் என்ற நிம்மதி பிள்ளைக்கு நெடுநேரம் நிற்காது. நாம் தமிழில் பேசுவோம், அதற்கு வராது. பேச்சு வராத இடத்தில் முகம் மட்டும் பொருந்துவது ஒரு தனிச் சங்கடம்.

அடுத்த கிளாஸ் டீ வந்தது. பாய் கேட்டார், “இந்தப் பிள்ளைங்க எப்படி அங்க போச்சு?”

பழைய காலத்தில் இந்தியாவில் வெளிநாட்டுக்காரர் தத்தெடுக்கச் சட்டமே கிடையாது. 1956-ஆம் வருடத் தத்தெடுப்புச் சட்டம் இந்துக்களுக்கு. மற்றவர்களுக்கு 1890-ஆம் வருடக் காப்பாளர் சட்டம்தான். கோர்ட்டில் காப்பாளர் என்று உத்தரவு வாங்கி, பிள்ளையைக் கூட்டிப்போய், தங்கள் நாட்டுச் சட்டப்படி அங்கே தத்தெடுப்பார்கள். தரகு, ஊழல் என்று புகார் பெருகியபோது லட்சுமி காந்த் பாண்டே என்ற வக்கீல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டு, 1984-இல் நீதிபதி பகவதி வெளிநாட்டுத் தத்துக்கு வரையறைகளை வகுத்தார். 1990-இல் காரா என்கிற மத்திய தத்தெடுப்பு அமைப்பு வந்தது. வெளிநாட்டுத் தத்து பற்றிய ஹேக் உடன்படிக்கையை 2003-இல் இந்தியா ஏற்றது. இப்போது கோர்ட்டுக்குக்கூடப் போகவேண்டாம். 2022 செப்டம்பரிலிருந்து மாவட்ட ஆட்சியரே உத்தரவு போடுகிறார். நம் தமிழ்நாட்டில் 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தில் வந்த பிள்ளைகளும் தத்துக்குப் போயிருக்கிறார்கள்.

அப்படிப் போன பிள்ளையின் பழைய கோப்பில் என்ன இருக்கும் தெரியுமா? கோர்ட் உத்தரவு. மருத்துவச் சான்று. ஸ்டாம்ப் அளவில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். எண்ணெய் தடவி வாரிய தலையோடு. வாசலில் விடப்பட்ட பிள்ளையென்றால் பெயர் இல்லத்தில் வைத்தது. பிறந்த தேதி, டாக்டர் பல்லையும் எடையையும் பார்த்துக் கணித்தது. வருடாவருடம் கேக் வெட்டிய நாள் ஒரு டாக்டரின் உத்தேசம் என்று பிள்ளைக்குத் தெரிய வருகிற இடம் அந்த இல்லத்து ஆபீஸ் மேசை. அந்த நேரத்தில் பக்கத்தில் யார் இருக்கவேண்டும் என்று பிள்ளையைக் கேட்டு முடிவு செய்யவேண்டும். அப்பா அம்மா போதும் என்றால் சித்தியும் தாத்தாவும் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். யாருமே வேண்டாம், காரைவிட்டே இறங்கமாட்டேன் என்றால் அதுவும் சரி. இவ்வளவு செலவு பண்ணி வந்துவிட்டு என்று ஒரு வார்த்தை யாரும் சொல்லிவிடக் கூடாது.

இன்னொன்று, இல்லத்தில் இப்போதும் பிள்ளைகள் இருப்பார்கள். கார் வந்ததும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். மிட்டாய் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வது தாத்தா பாட்டிகளுக்கு இயல்பாக வருகிற ஆசை. அந்தப் பிள்ளைகளை அடையாளம் காட்டும் படம் பத்திரிகையிலோ டிவியிலோ வரக்கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவே சொல்கிறது. சட்டம் கிடக்கட்டும், கம்பிக்கு இந்தப் பக்கம் நிற்கிற பிள்ளைக்கு அந்தப் படம் எப்படி இருக்கும்?

“சரி, பெத்தவளைப் பாக்கணும்னு பிள்ளையே கேட்டா?”

அதற்கு வழி இருக்கிறது. தத்தெடுப்பு விதிகளில் வேர் தேடல் என்றே ஒரு பகுதி உண்டு. பதினெட்டு வயது ஆகிவிட்டால் பிள்ளை தானே காராவுக்கு எழுதலாம். ஆகாவிட்டால் வளர்த்தவர்களோடு சேர்ந்து எழுதவேண்டும். இவர்களுக்காக வேறொரு ஆள் கிளம்பித் தேடுவதை விதி அனுமதிப்பதில்லை. தன் பெயரை வெளியே சொல்லக்கூடாது என்று பெற்றவள் அன்றைக்கே கேட்டிருந்தால், அவள் சம்மதம் இல்லாமல் சொல்லமாட்டார்கள். அவள் மறுத்தாலும், ஆள் கிடைக்காவிட்டாலும், எந்தச் சூழ்நிலையில் பிள்ளையைக் கொடுத்தாள் என்பதையாவது பிள்ளைக்குச் சொல்லவேண்டும்.

“இவ்வளவு கெடுபிடி எதுக்கு சார்? நேரா போய்க் கதவைத் தட்டினா என்ன?”

“பாய், நம்ம தெருவுல ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் கார்ல வந்து இறங்கினா ஊருக்குத் தெரிய எவ்வளவு நேரமாகும்?”

சிரித்தார். எந்தத் தெருவானாலும் அப்படித்தான். கல்யாணத்துக்கு முன்னால் பெற்றுக் கொடுத்தவளாக இருக்கலாம். பிள்ளை இறந்தே பிறந்தது என்று வீட்டில் சொல்லியிருக்கலாம். இன்றைக்கு அவளுக்குக் கணவன், மாமியார், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள். கதவைத் தட்டி வாசலில் நின்றால் அன்றைக்கே அவள் வாழ்க்கை சந்திக்கு வந்துவிடும். கூட வந்த சித்தி நல்ல மனசோடு கைபேசியைத் தூக்கி வீடியோ எடுத்தால் கேட்கவே வேண்டாம்.

காகிதத்தை அப்படியே நம்பவும் முடியாது. 1980-களில் இலங்கையிலிருந்து ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஐரோப்பாவுக்குப் போனார்கள். இலங்கையில் சில இடங்களில் கூலிக்கு ஒரு பெண்ணைத் தாயாக நிறுத்தி, கையெழுத்துப் போடவைத்துப் பிள்ளையைக் கொடுத்தார்கள் என்று 2017-இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி ஒன்று வெளிக்கொண்டு வந்தது. தாள்களை நம்பிப் போய்ப் பார்த்து, அழுது, கட்டிக்கொண்டு, பிறகு டிஎன்ஏ பார்த்தால் தாய் இல்லை என்று ஆனவர்கள் உண்டு. 2021 பிப்ரவரியில் நெதர்லாந்து அரசே விசாரணைக் குழுவின் அறிக்கைக்குப் பிறகு வெளிநாட்டுத் தத்தை நிறுத்திவைத்தது. தென்கொரியாவிலும் 2025-இல் அரசு ஆணையம் ஒன்று பழைய தத்துகளில் நடந்த முறைகேடுகளை உறுதிசெய்தது. நம் சென்னையிலும் திருட்டுப் பிள்ளைகள் தத்துக்குப் போன வழக்கு நடந்தது. ஆகவே முதலில் பரிசோதனை, பிறகு சந்திப்பு. இந்த வரிசையை மாற்றக் கூடாது.

நல்லபடியாக முடிந்ததும் உண்டு. மத்தியப் பிரதேசத்துக் காண்ட்வாவில் பிறந்து, காணாமல் போய், 1987-இல் ஆஸ்திரேலியாவுக்குத் தத்துப் போன சரூ பிரையர்லி, கம்ப்யூட்டரில் பூமிப் படத்தைத் துருவித் துருவி ஊரைக் கண்டுபிடித்து 2012-இல் போய்ச் சேர்ந்தார். பெற்றவள் அதே ஊரில்தான் இருந்தாள். மகனுக்கு இந்தி மறந்துபோயிருந்தது. இன்னொருவர் இடையில் நின்று சொல்லவேண்டியிருந்தது. ‘லயன்’ என்று படமே வந்தது. எனக்கு அதில் பிடித்தது கண்டுபிடித்த சாமர்த்தியம் அல்ல. வளர்த்த தாயும் பிறகு இந்தியாவுக்கு வந்து பெற்ற தாயைப் பார்த்தார். மகன் முதலில் தனியாக, அவர் பின்னால். முறை அதுதான்.

பாய் கொஞ்சநேரம் பேசாமல் பால் காய்ச்சினார். பிறகு, “எங்கள்ல எடுத்து வளக்கலாம். ஆனா பெத்த வாப்பா பேரை மாத்தக் கூடாது” என்றார். இங்கே தங்கை பிள்ளையை அக்கா வளர்ப்பது எல்லா ஜனத்திலும் உண்டு. பெற்ற உம்மா அடுத்த தெருவில் இருப்பாள், நோன்புக்குக் கஞ்சியும் பெருநாளைக்குக் கறியும் வரும், தேடவேண்டிய அவசியமே இல்லை. சட்டப்படி தத்தெடுக்க விரும்பினால் எந்த மதத்தவரும் இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் எடுக்கலாம் என்று 2014-இல் ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

“அடுத்த தடவை அப்படி ஒரு வண்டி வந்தா நான் என்ன செய்யட்டும்?”

“தமிழ்லயே கேளுங்க. பதில் வரலைன்னா சிரிச்சிட்டு டீயைக் குடுங்க. ‘தமிழ் தெரியாதா, நம்ம பிள்ளைதான நீ’ன்னு மட்டும் கேக்காதீங்க. டிரைவர்கிட்டயும் விசாரிக்காதீங்க.”

“விசாரிக்காம எப்படி சார் இருக்கது?” என்றார், உண்மையாகவே. யார் மகள், எந்த ஊர், என்ன ஆளுங்க என்று கேட்காமல் நம்மால் ஒரு டீ குடிக்க முடியாதுதான். அந்தப் பிள்ளைக்குப் பதில் தெரியாத கேள்விகள் அந்த மூன்றும்தான்.

கடைசியாக ஒன்று கேட்டார். பிள்ளை தேடலாம், சரி. பெற்றவள் தேடலாமா?

பிள்ளையை ஒப்படைத்த பிறகு மனம் மாறினால் திரும்பக் கேட்க அவளுக்கு அறுபது நாள் உண்டு. அதற்குப் பின் உரிமை தீர்ந்தது. வேர் தேடும் உரிமை பிள்ளைக்குத்தான் எழுதியிருக்கிறது. எனக்கு இதில் மனசு ஒப்பவில்லை. பிள்ளையின் முகவரியை அவளுக்குக் கொடுக்கவேண்டாம்; ஆனால் வீடு மாறிப் போகிறவள், என்னைத் தேடினால் இந்த நம்பரில் இருக்கிறேன் என்று மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் சொல்லி அந்தக் கோப்பில் சேர்க்கச் சொல்ல ஒரு முறை இருக்கவேண்டும். இருபது வருடம் கழித்து வருகிற பிள்ளைக்குப் பழைய வாடகை வீட்டு விலாசம் எதற்கு உதவும்?