யாருடைய தரவை நம்பி உங்கள் பிஎச்.டி.?

2002 செப்டம்பரில் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வெளியானது. எக்ஸ்டசி என்ற பெயரில் இரவு விடுதிகளில் புழங்கும் எம்.டி.எம்.ஏ.வைப் பற்றியது. ஒருவர் ஒரே இரவில் உட்கொள்ளக்கூடிய அளவைக் குரங்குகளுக்குக் கொடுத்தாலே மூளையின் டோபமைன் நரம்பணுக்கள் கடுமையாகச் சேதமாகின்றன என்றது அது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ரிக்கார்ட்டே தலைமையிலான குழு செய்த வேலை. செய்தி உலகெங்கும் பரவியது. பிறகு அதே முடிவை மறுபடி எடுக்க அந்தக் குழுவே முயன்றது, வரவில்லை. மருந்து கொடுக்கும் முறையை மாற்றிப் பார்த்தும் வரவில்லை. கடைசியில், பரிசோதனையின்போது இறந்துபோன விலங்கின் மூளையைச் சேமிப்பிலிருந்து எடுத்துச் சோதித்தார்கள். அதில் எம்.டி.எம்.ஏ. இல்லை, மெத்தாம்ஃபெட்டமைன் இருந்தது. வெளியிலிருந்து வந்த இரண்டு குப்பிகளின் லேபிள்கள் மாறியிருந்தன என்ற முடிவுக்கு வந்தார்கள். 2003 செப்டம்பரில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது.

நரம்பு மருந்தியலில், அதாவது மூளையிலும் நரம்பிலும் மருந்துகள் எப்படி வேலை செய்கின்றன என்று ஆராயும் துறையில், காலடி வைக்கப்போகும் எம்.பார்ம்., எம்.எஸ்சி. மாணவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய சம்பவம் இது. காரணம், இதுதான் நல்லபடியாக முடிந்த சம்பவம். தவறு நேர்மையானது. கண்டுபிடித்தவர்கள் செய்தவர்களேதான். ஒரே ஆண்டில் வெளியே சொல்லிவிட்டார்கள். எல்லா இடத்திலும் இப்படி நடப்பதில்லை.

2006 மார்ச்சில் ‘நேச்சர்’ வெளியிட்ட கட்டுரையை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் கேரன் ஆஷ் நடத்திய ஆய்வகத்தின் வேலை அது. முதல் ஆசிரியர் சில்வேன் லெஸ்னே, பிரான்சிலிருந்து போஸ்ட்டாக்காக வந்திருந்த இளம் விஞ்ஞானி. அல்சைமரை ஆராய உருவாக்கப்பட்ட எலிகளின் மூளையிலிருந்து அமிலாய்டு பீட்டா என்ற புரதத்தின் ஒரு குறிப்பிட்ட திரளைப் பிரித்தெடுத்ததாகவும், அதை நல்ல எலிகளின் மூளையில் செலுத்தியபோது அவற்றின் நினைவாற்றல் குறைந்ததாகவும் கட்டுரை சொன்னது. அதன் எடை 56 கிலோடால்டன். ஆகவே ஏபீட்டா ஸ்டார் 56 என்று பெயர் வைத்தார்கள். நினைவிழப்புக்குக் காரணமான ஒரு பொருள் கையில் சிக்கிவிட்டது என்று துறையே மகிழ்ந்தது. அந்தக் கட்டுரை 2,300 முறைக்கு மேல் மேற்கோள் காட்டப்பட்டது. அமிலாய்டு திரள்களை ஆராயும் திட்டங்களுக்கு அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனமான என்.ஐ.எச். தந்த பணம் 2006-ல் ஏறக்குறைய ஒன்றுமில்லை. 2021-ல் அது 28.7 கோடி டாலர்.

இந்த வேலையின் ஆதாரம் வெஸ்டர்ன் பிளாட் என்ற சோதனையின் படங்கள். திசுவை அரைத்து, அதிலுள்ள புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து, தேடும் புரதத்தை மட்டும் கறுப்புக் கோடுகளாகத் தெரிய வைப்பார்கள். கோடு தடித்தால் புரதம் அதிகம், மெலிந்தால் குறைவு. ஓர் ஆய்வு மாணவரின் இரண்டு மூன்று ஆண்டு உழைப்பு, கடைசியில் விரல் அகலத்துக்கு நான்கைந்து கோடுகளாக ஒரு பக்கத்தில் அச்சாகும். அந்தக் கோடுகளை உற்றுப் பார்த்தவர் மேத்யூ ஷ்ராக். வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியராக இருந்த நரம்பியல் மருத்துவர். 2021-ல் சிமுஃபிலாம் என்ற வேறொரு அல்சைமர் மருந்தின் ஆய்வுகளைச் சரிபார்த்துத் தரும்படி ஒரு வழக்கறிஞர் அவரைக் கேட்டார். அந்தச் சரிபார்ப்பின் வழியில்தான் லெஸ்னேயின் படங்கள் கண்ணில் பட்டன. சில கோடுகள் ஓரிடத்திலிருந்து வெட்டி இன்னோரிடத்தில் ஒட்டியது போல் இருந்தன. 2022 ஜூலையில் ‘சயின்ஸ்’ இதழின் செய்தியாளர் சார்லஸ் பில்லர் இதை விரிவாக எழுதினார். 2024 ஜூனில் அந்த ‘நேச்சர்’ கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. படங்கள் மாற்றப்பட்டிருந்ததை ஒப்புக்கொண்ட ஆஷ், தமக்கு அது முன்பு தெரியாது என்றார். திரும்பப் பெறுவதற்கு லெஸ்னே உடன்படவில்லை. வெளியீட்டுக்கும் இதற்கும் இடையே 18 ஆண்டுகள்.

இதனால், அல்சைமருக்குக் காரணம் அமிலாய்டு என்ற கோட்பாடே பொய் என்று ஆகிவிடாது. அதை ஆதரிக்கும் மரபணுச் சான்றுகள் தனியாக உள்ளன. அமிலாய்டை நீக்கும் லெக்கனமாப் மருந்துக்கு 2023 ஜூலையில் அமெரிக்காவில் முழு அனுமதி கிடைத்தது. நான் கவலைப்படுவது கோட்பாட்டைப் பற்றி அல்ல. அந்த 18 ஆண்டுகளில் ஏபீட்டா ஸ்டார் 56-ஐத் தேடச் சொல்லப்பட்ட மாணவர்களைப் பற்றி.

அவர்கள் நிலையை நினைத்துப் பாருங்கள். கைடு ஒரு கட்டுரையைக் கொடுத்து, “இதிலிருந்து தொடங்கு” என்கிறார். மாணவர் செய்து பார்க்கிறார், கோடு வரவில்லை. ஆன்டிபாடியை மாற்றுகிறார், ஜெல்லை மாற்றுகிறார், வரவில்லை. உலகின் முதல்நிலை இதழில் வந்த கட்டுரை ஒருபக்கம், இரண்டாம் ஆண்டு மாணவரின் கைத்திறன் மறுபக்கம். பழி யார் மீது விழும் என்பதில் சந்தேகமே இல்லை. ஹார்வர்டின் டென்னிஸ் செல்கோ இந்தத் துறையின் பெரும் பெயர்களில் ஒருவர்; அவருடைய குழு மனித மூளைத் திசுவில் தேடியும் அந்தத் திரளைக் காணவில்லை. அவரால் அதை அச்சில் சொல்ல முடிந்தது. ஒரு மாணவரின் ‘வரவில்லை’ நோட்டுப் புத்தகத்தோடு முடிந்துபோகும். இதழ்கள் அதை விரும்புவதில்லை, கைடு அதற்கு நேரம் ஒதுக்குவதில்லை, வேலைக்கான நேர்காணலில் அதற்கு மதிப்பெண் இல்லை.

மோசடியே இல்லாத இடத்திலும் தரை உறுதியாக இல்லை. 1999-ல் ஜான் கிராப் குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். அமெரிக்காவின் ஆல்பனி, போர்ட்லாந்து, கனடாவின் எட்மன்டன் ஆகிய மூன்று ஊர்களில் மூன்று ஆய்வகங்கள். ஒரே மரபு வகை எலிகள், ஒரே கருவிகள், ஒரே வயது, ஒரே உணவு. விளக்கு எரியும் நேரம்கூட ஒன்றே. இத்தனைக்குப் பிறகும் சில சோதனைகளில் முடிவுகள் ஊருக்கு ஊர் வேறுபட்டன. எட்மன்டன் எலிகள் மற்ற இரண்டு ஊர் எலிகளைவிட அதிகம் ஓடியாடின. அங்கே எலிகளைக் கையாண்டவர்களில் ஒருவருக்கு எலி ஒவ்வாமை கடுமையாக இருந்ததால் அவர் சுவாசக் கவசம் அணிந்து வேலை செய்தார் என்பதைக்கூட அந்தக் கட்டுரை பதிவு செய்திருக்கிறது. எந்த விவரத்தையும் ஒதுக்காத அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்தது.

2014-ல் மான்ட்ரியாலில் மெக்கில் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி மோகில் குழு இன்னொன்றைக் காட்டியது. ஆண் ஆய்வாளர் அறையில் இருந்தாலே, ஏன், ஓர் ஆண் இரவு முழுவதும் அணிந்த டி-ஷர்ட் அருகில் கிடந்தாலே, எலிகள் வலியை வெளிக்காட்டுவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. வலிநிவாரணி ஆய்வு செய்பவர் இதைப் படித்ததும் தம் பழைய முடிவுகளையெல்லாம் திரும்பிப் பார்க்க வேண்டும். 2022-ல் மேரிலாந்து பல்கலைக்கழகக் குழு ‘நேச்சர் நியூரோசயின்ஸ்’ இதழில் எழுதியது நமக்கு இன்னும் நெருக்கமானது. கெட்டமைனின் மனச்சோர்வு எதிர்ப்பு விளைவு, ஊசி போட்டவர் ஆணாக இருந்தபோது எலிகளில் தெரிந்தது. பெண்ணாக இருந்தபோது தெரியவில்லை. ஆண் வாசனையால் எலியின் மூளையில் தூண்டப்படும் மனஅழுத்தப் பாதை இதில் பங்கு வகிக்கிறது. முந்தைய மாணவர் எடுத்த முடிவு உங்களுக்கு வராமல் போனால், இரண்டு பேருமே சரியாகச் செய்திருக்கவும் வாய்ப்பு உண்டு.

எண்ணிக்கையும் சேர்ந்து படுத்துகிறது. 2013-ல் கேத்தரின் பட்டன் குழுவினர் நரம்பியல் ஆய்வுகளின் புள்ளியியல் திறனைக் கணக்கிட்டார்கள். இடைநிலை அளவு 21 விழுக்காடு. அதாவது உண்மையிலேயே ஒரு விளைவு இருந்தாலும் ஐந்து ஆய்வுகளில் ஏறக்குறைய ஒன்றுதான் அதைப் பிடிக்கும். எட்டு எலி, பத்து எலி வைத்துக்கொண்டு பெரிய முடிவு சொல்லும் கட்டுரையை அடித்தளமாக எடுப்பவர், அது தெரிந்தே எடுக்க வேண்டும்.

“கல்லூரி வேலை கிடைக்காவிட்டால் மருந்து நிறுவனத்துக்குப் போய்விடலாம்” என்பது நம் மாணவர்களிடம் அடிக்கடி கேட்கும் ஆறுதல். மூளை மருந்துகளைப் பொறுத்தவரை அது பலவீனமான ஆறுதல். 2010-ல் கிளாக்ஸோ ஸ்மித்கிளைன் மனச்சோர்வு, வலி ஆய்வுகளைக் கைவிடுவதாக அறிவித்தது. அஸ்ட்ராஜெனக்காவும் அதே காலத்தில் மனநோய் மருந்து ஆய்வைச் சுருக்கியது. 2018 ஜனவரியில் ஃபைசர் அல்சைமர், பார்க்கின்சன் மருந்துத் தேடலை நிறுத்தியது. சுமார் 300 வேலைகள் போயின. அடுத்த ஆண்டே ஆம்ஜென் நரம்பியல் ஆய்வின் பெரும்பகுதியை மூடியது.

திரும்பி வருகிறார்களே என்பீர்கள். உண்மைதான், ஆனால் எப்படி வருகிறார்கள் என்று பாருங்கள். சானோமெலின் 1990-களில் எலை லில்லி அல்சைமருக்காகச் சோதித்த மருந்து. நோயாளிகளின் மனப்பிறழ்வு அறிகுறிகள் குறைந்தன. ஆனால் வாந்தியும் வயிற்றுக் கோளாறும் தாங்க முடியவில்லை, கிடப்பில் போட்டார்கள். மூளைக்குள் புகாத டிராஸ்பியத்தை அதோடு சேர்த்துப் பக்கவிளைவை அடக்கி, சிசோஃப்ரினியாவுக்காக அனுமதி வாங்கியது 2024 செப்டம்பரில். 1997-ல் இந்த மருந்து மூளையில் குறிவைக்கும் ஏற்பியைப் பற்றி பிஎச்.டி. முடித்தவர் அந்த நாளில் ஐம்பதைத் தாண்டியிருப்பார். அதே வகை ஏற்பிகளில் ஒன்றைக் குறிவைத்த எம்ராக்ளிடினின் கதி வேறு. ஃபைசரிலிருந்து பிரிந்த செரவெல் நிறுவனத்தின் மருந்து அது. அந்த நிறுவனத்தை ஆப்வீ சுமார் 870 கோடி டாலருக்கு வாங்கியது. 2024 நவம்பரில் இரண்டாம் கட்டச் சோதனைகள் இரண்டிலும் அந்த மருந்து தோற்றது. முதல் மருந்துக்கு அனுமதி கிடைத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அலையைப் பார்த்துத் தலைப்பு எடுப்பவர்களுக்கும் இதே பாடம். தொடக்கத்தில் பார்த்த எம்.டி.எம்.ஏ.வையே மருந்தாகப் பயன்படுத்தும் சிகிச்சைக்கு 2024 ஆகஸ்டில் அமெரிக்க அனுமதி மறுக்கப்பட்டது. விண்ணப்பித்த லைகோஸ் நிறுவனம் அதே மாதத்தில் தன் ஊழியர்களில் முக்கால்வாசிப் பேரை வெளியே அனுப்பியது.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தியாவில் ஆய்வு மாணவர்களுக்கான ஜே.ஆர்.எஃப். தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், எஸ்.ஆர்.எஃப். 42,000 ரூபாய். பல இடங்களில் அதுவும் மாதக்கணக்கில் தாமதமாகத்தான் கைக்கு வரும். அமெரிக்காவுக்குப் போஸ்ட்டாக்காகப் போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: என்.ஐ.எச்.சின் எஃப்32 ஃபெல்லோஷிப்புக்குக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். நம்மவர்களுக்குத் திறந்திருக்கும் முக்கியக் கதவு கே99 என்ற என்.ஐ.எச். நிதி. அதற்குப் போஸ்ட்டாக் அனுபவம் நான்காண்டைத் தாண்டுவதற்குள் விண்ணப்பித்துவிட வேண்டும் என்பதே பல ஆண்டுகளாக விதி. அது கிடைக்கும்வரை உங்கள் சம்பளம் பெரும்பாலும் உங்கள் பேராசிரியரின் கிராண்டிலிருந்து வருகிறது. அது முடிந்தால் வேலையும் விசாவும் சேர்ந்து முடியும். 2025-ல் என்.ஐ.எச். நிதியில் ஏற்பட்ட குழப்பத்தால், கொடுத்த பிஎச்.டி. இடங்களைத் திரும்பப் பெற்றுக்கொண்ட பல்கலைக்கழகமும் உண்டு.

இந்தத் துறைக்கு வராதீர்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. மனச்சோர்வு, வலிப்பு, மறதி நோய் மூன்றுக்கும் இன்றுள்ள மருந்துகள் போதவில்லை. அந்த நோயாளிகள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். ஷ்ராக் போன்ற ஒருவர், பணி நிரந்தரமாவதற்கு முன்பே, தம் துறையின் மிகப் பெரிய கட்டுரைகளில் ஒன்றைக் கேள்வி கேட்டார் என்பதும் இதே துறையின் கதைதான். ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு வாருங்கள்.

ஆய்வகத்தில் சேருவதற்கு முன் கைடிடம் நேரடியாகக் கேளுங்கள். என் ஆய்வுக்கு அடிப்படையான முடிவை இந்த லேபில் யாராவது மறுபடி எடுத்திருக்கிறார்களா? வெட்டாத மூலப் படங்களையும் நோட்டுகளையும் பார்க்கலாமா? இந்தக் கிராண்ட் எந்த மாதம் முடிகிறது? பிறகு, கைடு இல்லாத நேரத்தில், அங்கிருந்து போன கடைசி மூன்று மாணவர்களிடம் பேசுங்கள். பிஎச்.டி. எத்தனை ஆண்டு ஆயிற்று, இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். முதல் ஆறு மாதத்தைப் பழைய முடிவைச் சரிபார்க்க ஒதுக்கித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். நல்ல கைடு இதற்குக் கோபப்பட மாட்டார். கோபப்படுகிறவரின் லேபில், எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும், சேர வேண்டாம்.