கடற்பெருக்கும் கல்வியும்

வங்கக் கடலின் வடகோடியில் புயலுக்கு மாண்டோருள் பெரும்பாலோரின் உயிரைக் குடித்தது காற்றன்று. காற்றோடு ஏறிவரும் கடல்நீரே. அங்கே கடலின் அமைப்பே புயலுக்குத் துணைபோகிறது. தெற்கே அகன்று, வடக்கே செல்லச் செல்ல எண்ணெய் ஊற்றும் புனலைப்போல் ஒடுங்கும் கரை. கங்கையும் பிரமபுத்திராவும் மேகனாவும் ஆண்டுதோறும் கொட்டும் வண்டலால் மேடிட்டுப்போன, ஆழமற்ற கடலடித் திட்டு. புயலின் நடுவே காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல்மட்டம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயரும். அது சிறுபங்குதான். பெரும்பங்கு காற்றினுடையது. ஆழ்கடலில் காற்று தள்ளும் நீர் அடிவழியே திரும்பிப் பாய்ந்துவிடும். ஆழமற்ற இடத்தில் அதற்கு வழியில்லாமல் கரைமேல் குவியும். இதுவே கடற்பெருக்கு. ஓதம் உயர்ந்திருக்கும் வேளையில் புயல் கரையைத் தொட்டால் ஊர்கள் ஓதத்துக்கும் பெருக்குக்கும் சேர்ந்து இரையாகும்.

1970 நவம்பர் 12 இரவு அப்படித்தான் நேர்ந்தது. இன்றைய வங்கதேசத்தின் போலாத் தீவிலும் சுற்றியிருந்த கரைகளிலும் இறந்தோர் 3 இலட்சத்துக்குக் குறையார். 5 இலட்சம் என்று சொல்வோரும் உண்டு. பின்னர் அப்பகுதியை ஆராய்ந்த ஆல்ஃபிரட் சாமர், வைலி மோஸ்லி என்னும் மருத்துவ ஆய்வாளர் இருவர், பிழைத்தோரின் உடலில் ஒரே வகைக் காயத்தைக் கண்டனர். மார்பிலும் கைகளிலும் தொடைகளின் உட்புறத்திலும் தோல் உரிந்திருந்தது. நீர் வடியும்வரை மரத்தை இறுகத் தழுவிக் கிடந்தவர்களின் காயம் அது. அப்படித் தழுவி நிற்க இயலாதவர்களே மாண்டோர் கணக்கில் மிகுந்திருந்தனர்: குழந்தைகள், முதியோர், பெண்கள்.

உடல்வலிமை இந்த வேறுபாட்டின் ஒரு பகுதியையே விளக்கும். 1991 ஏப்ரல் 29 இரவு சிட்டகாங் கரையைத் தாக்கிய புயலில் ஏறத்தாழ 1,38,000 பேர் மாண்டனர். 20 முதல் 44 அகவை வரை உள்ளோரில் ஆண்கள் ஆயிரவருக்கு 15 பேரும் பெண்கள் ஆயிரவருக்கு 71 பேரும் இறந்ததாகக் கணக்கு காட்டுகிறது. வாழ்வின் நடுப்பருவத்தில், நல்ல உடல்நலத்தோடு இருந்த பெண்கள் இவர்கள். எச்சரிக்கை வரவில்லையா என்றால், வந்தது. ஆனால் அது சந்தையிலும் தேநீர்க் கடையிலும் பள்ளிவாசல் முற்றத்திலும் ஆண்களின் செவிக்கு வந்தது. நம் துறைமுகங்களின் புயல் எச்சரிக்கைக் கூண்டைப்போல, கப்பலோட்டிகளுக்கென வகுத்த எண்களில் வந்தது. வீட்டிலிருந்த பெண் கணவன் வந்து சொல்லட்டும் என்று காத்திருந்தாள். புகலிடத்தில் பெண்களுக்கெனத் தனியறையோ கழிப்பறையோ இல்லை என்பதால் தயங்கினாள். கடைசியில் குழந்தையை இடுப்பில் ஏந்திப் புறப்பட்டபோது, நனைந்த சேலை காலைச் சுற்றிக்கொண்டது. நீந்த அவளுக்கு யாரும் கற்றுத்தந்திருக்கவில்லை.

எச்சரிக்கை பெண்களைச் சென்றடையாமல் நின்றதை முன்னறிவிப்பு அறிவியலின் ஒரு பெரிய பிழை என்றே நான் கருதுகிறேன். செயற்கைக்கோள் புயலைக் காண்பதும், கணிப்பொறி அதன் பாதையைக் கணிப்பதும் பாதித் தொலைவே. எஞ்சிய பாதி, வானிலை நிலையத்திலிருந்து அடுப்படி வரை உள்ளது.

அந்தத் தொலைவைக் கடக்க வங்கதேசம் கண்ட வழி ஊர்க்கல்வி. 1970ஆம் ஆண்டுப் பேரழிவுக்குப் பின் தொடங்கிய புயல் ஆயத்தத் திட்டத்தை இன்று அரசும் செம்பிறைச் சங்கமும் இணைந்து நடத்துகின்றன. தொடக்கத்தில் தன்னார்வலர் ஏறக்குறைய அனைவரும் ஆண்களே. பின்னர் ஒவ்வோர் ஊர்க்குழுவிலும் பெண்கள் சேர்க்கப்பட்டனர். இன்று ஏறத்தாழ 76,000 தன்னார்வலருள் பாதிப்பேர் பெண்கள். அவர்கள் நடத்தும் வகுப்புக்கு 'முற்றக் கூட்டம்' என்றே பெயர். பாய் விரித்து, அண்டை வீட்டுப் பெண்களை அமர்த்திப் பேசுகிறார்கள். ஒரு கொடி ஏறினால் என்ன, மூன்று கொடி ஏறினால் என்ன என்று விளக்குகிறார்கள். அவலும் வெல்லமும் முடிந்துவைப்பது, நிலப்பத்திரத்தை நெகிழித்தாளில் சுற்றிக் காப்பது, முதலுதவி, கருவுற்றவளை முதலில் அனுப்புவது எல்லாம் பாடம். எல்லாவற்றுக்கும் மேலாக, கணவன் கடலுக்குப் போயிருந்தாலும் அவளே முடிவெடுத்துப் புறப்படலாம் என்பதும் பாடம். அயலான் ஒருவன் ஒலிபெருக்கியில் அறிவிப்பதும், அறிந்த பெண்ணொருத்தி உள்வீட்டுக்கே வந்து கையைப் பிடித்து அழைப்பதும் ஒன்றல்ல.

1991க்குப் பின் தூண்கள்மேல் எழுப்பிய புகலிடங்கள் பல, மற்ற நாள்களில் தொடக்கப்பள்ளிகளாக இயங்குகின்றன. நாள்தோறும் ஏறி இறங்கிய படிக்கட்டில் புயல் நாளில் ஏற ஒரு பெண் தயங்குவாளா?

2007இல் சித்ர் புயலில் ஏறத்தாழ 3,400 பேர் இறந்தனர். 2020 மே மாதம் அம்பன் வருமுன் 24 இலட்சம் பேர் புகலிடங்களுக்குச் சென்றனர். வங்கதேசத்தில் இறந்தோர் முப்பதை எட்டவில்லை. இறப்பு இவ்வாறு குறைந்த பெருமை முழுவதும் கல்விக்கே உரியதன்று. கணிப்பு கூர்மையாயிற்று, புகலிடங்கள் பெருகின, சுந்தரவனக் காடு அலையின் வேகத்தைத் தணித்தது. ஆயினும் கட்டடத்துக்கு யாரும் தாமாக நடந்து வருவதில்லை; அழைத்து வந்தவர்கள் இந்தத் தன்னார்வலரே.

இனி வேலை கடினமாகும். காற்று ஒரு பாகை வெப்பமேறினால் ஏறத்தாழ 7 விழுக்காடு மிகுதியான நீராவியைத் தாங்கும். கடல்மட்டம் உயர உயர, பெருக்கும் அந்த உயரத்திலிருந்தே எழும். புயல் இல்லாத நாளிலும் உவர்நீர் உள்ளே ஏறுகிறது. குல்னா மாவட்டத்தின் தாகோப் பகுதியில், குடிநீரின் உவர்ப்புக்கும் கருவுற்ற பெண்களின் மிகை இரத்த அழுத்தத்துக்கும் தொடர்பிருக்கலாம் என்று 2011இல் வெளிவந்த ஆய்வு சுட்டியது. ஆகவே மழைநீரைச் சேமிப்பதும் முற்றத்துப் பாடமாக வேண்டும்.

இதே கடலின் தென்மேற்குக் கரை நம்முடையது. 2004 ஆழிப்பேரலையில் கடலூர் மாவட்டத்தில் மாண்ட ஆண்கள் 146, பெண்கள் 391 என்று ஆக்ஸ்பாம் கணக்கிட்டது. கரையோர ஊராட்சிகளில் பொறுப்பில் இருப்போரே, ஆசிரியர்களே, வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் உங்கள் ஊர்ச் சிறுமியருக்கு நீந்தக் கற்றுக்கொடுங்கள்; எட்டாம் எண் கூண்டு ஏறினால் என்ன செய்வது என்று அவர்களின் தாய்மாரோடு உட்கார்ந்து பேசுங்கள்.