வெல்லப் பாகும் லேசர் ஒளியும்

பங்காருபாளையத்தில் வெல்ல வியாபாரம் செய்பவன் நான். பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிடும் சமணக் குடும்பம் எங்களுடையது. அதனால் இரவில் படிக்க நேரம் நிறையக் கிடைக்கும். பெங்களூரில் இன்ஜினியரிங் படிக்கும் என் பேத்தி பொங்கலுக்கு வந்தபோது, "தாத்தா, லிக்விட் கிரிஸ்டல் லேசரில் போலரைசேஷனை எப்படிக் கட்டுப்படுத்துறாங்க? தமிழ்ல சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்டாள். அன்று திணறிப் போனேன். இக்கட்டுரை அவளுக்கு நான் சொல்லும் பதில்.

ஒளி ஓர் அலை. கயிற்றின் ஒரு முனையைக் கட்டி, மறு முனையை மேலும் கீழும் ஆட்டலாம், பக்கவாட்டிலும் ஆட்டலாம். விளக்கொளி எல்லாத் திசைகளிலும் அதிர்கிறது. அது ஒரே தளத்தில் அதிர்ந்தால் தளவிளைவு பெற்ற ஒளி என்கிறோம். அதிர்வின் திசை திருகுபோல் சுழன்று கொண்டே முன்னேறினால் அது வட்டத் தளவிளைவு. அதில் வலச்சுற்று, இடச்சுற்று என இரண்டு வகை.

விளக்கொளியை போலராய்டு கண்ணாடி வழியாகச் செலுத்தினால் தளவிளைவு கிடைக்கும். ஆனால் பாதிக்கு மேல் ஒளி வீணாகிவிடும். நூறு மூட்டையில் ஐம்பதைக் கொட்டிவிட்டு மிச்சத்தைத் தரமென்று விற்கிற வியாபாரம் அது! ஒளி பிறக்கும்போதே ஒழுங்கோடு பிறக்காதா என்பதுதான் கேள்வி.

இதற்கு முதல் படியைச் சர்க்கரை காட்டுகிறது. கரும்பாலைச் சோதனைக்கூடத்தில் போலாரிமீட்டர் என்றொரு கருவி உண்டு. சர்க்கரைக் கரைசல் ஒளியின் அதிர்வுத் தளத்தை வலப்புறம் திருப்பும். எவ்வளவு திருப்புகிறது என்று பார்த்துச் சர்க்கரையின் அளவைக் கணக்கிடுவார்கள். சர்க்கரை மூலக்கூறுக்கு, நம் கைகளைப்போல, வலது இடது என்ற அமைப்பு இருப்பதே காரணம்.

இரண்டாம் படி திரவப் படிகம். 1888-இல் ஆஸ்திரியத் தாவரவியலாளர் ரைனிட்சர், கொலஸ்டிரால் சேர்ந்த ஒரு பொருளைச் சூடாக்கினார். 145.5 டிகிரி செல்சியஸில் அது கலங்கலாக உருகிற்று, 178.5 டிகிரியில்தான் தெளிந்தது. நடுவிலுள்ள நிலை, திரவம்போல் ஓடும், படிகம்போல் ஒழுங்கும் காட்டும். இவ்வகையில் மூலக்கூறுகள் அடுக்கடுக்காகச் சற்றே திரும்பி, சுழல்படிக்கட்டுப்போல் நிற்கின்றன.

இந்தச் சுருள்தான் லேசருக்குக் கண்ணாடியாக உதவுகிறது. வலச்சுருள், தன் புரியிடைக்கு ஏற்ற நிறமுள்ள வலச்சுற்று ஒளியைத் திருப்பி அனுப்பும். இடச்சுற்று ஒளியை வெளியே விட்டுவிடும். சுருளுக்குள் சாயம் கலந்து, வேறொரு லேசரால் தூண்டினால், வலச்சுற்று ஒளி மட்டும் உள்ளே முன்னும் பின்னும் அலைந்து பெருகி லேசராக வெளிவரும். 1998-இல் அமெரிக்காவில் காப், ஜெனாக் குழுவினர் இதைத் தெளிவாகச் செய்து காட்டினார்கள். புரியிடை 375 நானோமீட்டர், ஒளிவிலகல் எண் 1.6 என்றால், இரண்டையும் பெருக்க 600 நானோமீட்டர். அதையொட்டிய ஆரஞ்சு நிற ஒளி கிடைக்கும்.

அப்படியானால் கட்டுப்பாடு எங்கே? கலக்கும் பொருள் வலக்கையா இடக்கையா என்பதைப் பொறுத்துச் சுருளின் திசை மாறும்; ஒளியின் சுற்றும் மாறும். சூட்டால் புரியிடையை மாற்றினால் நிறம் மாறும். வெளியே இன்னொரு திரவப் படிகப் படலத்தை வைத்து, அதற்குத் தரும் மின்னழுத்தத்தைச் சரிசெய்தால், வலச்சுற்றை இடச்சுற்றாக்கலாம். 2022-இல் போலந்து நாட்டு வார்சா ஆய்வாளர்கள், இரு கண்ணாடிகளுக்கிடையே சாயமிட்ட திரவப் படிகத்தை வைத்து, மின்னழுத்தத்தால் எதிரெதிர்ச் சுற்றுடைய இரண்டு லேசர்க் கதிர்களை வரவழைத்தனர்.

இந்தக் கதையில் நம்மவர் பங்கு பெரிது. சர் சி. வி. ராமனின் தங்கை மகன்கள் இருவர். அண்ணன் சிவராமகிருஷ்ண சந்திரசேகர், இந்தச் சுருள்கள் ஒளியை எப்படித் திருப்புகின்றன என்பதற்கு, மைசூரில் இருந்தபோது 1968-இல் சீனிவாச ராவுடன் சேர்ந்து கணிதக் கொள்கை வகுத்தார். 1977-இல் பெங்களூர் ராமன் ஆய்வு நிலையத்தில், தட்டு வடிவ மூலக்கூறுகளாலும் திரவப் படிகம் ஆகும் என்று சதாசிவா, சுரேஷ் இருவரோடு கண்டறிந்தார். தம்பி பஞ்சரத்தினம், 1955-இல், இருபத்தோரு வயதில், பல நிறங்களுக்கும் ஒன்றுபோல் வட்டத் தளவிளைவு தரும் படிகத் தகட்டு அடுக்கை அமைத்தார். மறு ஆண்டு, தளவிளைவு மாறும் பாதையே ஒளிக்கு ஒரு கட்ட மாற்றத்தைச் சேர்க்கிறது என்று கண்டார். உலகம் அதன் அருமையை உணர்ந்தது 1980-களில்தான். அவரோ 1969-இலேயே, முப்பத்தைந்து வயதில், மறைந்துவிட்டார். இன்று திரவப் படிகத்தால் செய்யும் தட்டையான லென்சுகளில் அவர் பெயர் நிற்கிறது.

இருவரும் பிறந்த ஊர் கல்கத்தா. அதாவது, நம் வீட்டுப் பிள்ளைகளைப்போல, தமிழ்நாட்டுக்கு வெளியே பிறந்தவர்கள். "நமக்கெல்லாம் எங்கே" என்று இங்கே ஒரு குழந்தை சொன்னால், இந்த அண்ணன் தம்பி கதையைச் சொல்லுங்கள். கூடவே, லேப்டாப் திரையை வெள்ளையாக்கி, அதன்முன் ஒரு கண்ணாடி டம்ளரில் கெட்டியான சர்க்கரைப் பாகை வைத்து, போலராய்டு கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். பாகுக்குள் நிறங்கள் மாறும். பேத்தி செய்து பார்த்துவிட்டு, "தாத்தா, இப்பப் புரியுது" என்றாள். தமிழிலேதான் சொன்னாள்.