அரைப்பேர்

"நேத்து மழைக்கு அரைப்பேருதான்" என்று இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு பெண் சொன்னால், மதுரைக்காரருக்குச் சொற்கள் எல்லாம் புரியும், சொன்னது புரியாது. அந்தப் பெண்ணின் பேரன் கைபேசியில் "வச்சு செஞ்சுட்டாங்க" என்று எழுதினால் பாட்டிக்கும் அதே கதிதான். யாரையோ விடாமல் கிண்டலடித்திருக்கிறார்கள் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

பேர் என்ற சொல் அந்த மலையகத்தில் நடந்து வந்த தூரம் வியப்பானது. காலையில் பெரட்டுக்களத்தில் ஆள் கூடும். யாருக்கு எந்த மலை, என்ன வேலை என்று அங்கே பிரித்துக் கொடுப்பார்கள். வேலை முடித்தவரின் பெயருக்கு நேரே செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் அன்றைய நாள் பதிவாகும். பெயர் பதிந்தால் கூலி உண்டு. ஆகவே பேர் என்பதே ஒரு நாள் கூலிக்குப் பெயராகிவிட்டது. தோட்டம் கேட்ட அளவுக்குக் கொழுந்து நிறுக்காவிட்டால் அரைப்பேர். பேருக்குள் வராத வேலைக்குக் கிடைப்பது கைக்காசு. ஒன்றோடு ஒட்டி நிற்கும் இன்னொன்றுக்குப் பெயர் தாவுவதைத் தமிழ் இலக்கணம் ஆகுபெயர் என்கிறது. புலவர்கள் வகுத்து வைத்ததை, பள்ளிக்கூடம் எட்டாத, லயம் என்ற வரிசை வீடுகளில் வாழ்ந்த மக்கள் தங்கள் பசிக்கணக்கிலேயே செய்துகாட்டியிருக்கிறார்கள். எனக்கு இது பெரிய காரியமாகத் தெரிகிறது.

துண்டு இன்னும் கனமான சொல். ஆள் சேர்த்து வேலை வாங்கிய கங்காணியிடம் பட்ட கடனைத் தீர்த்தால் ஆளை விடுவதாகத் தோட்ட நிர்வாகியான துரை எழுதிக் கொடுத்த சீட்டு அது. அந்தக் காகிதம் இல்லாமல் ஒரு குடும்பம் தோட்டம் மாற முடியாதிருந்தது. 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிந்தது.

இந்தப் பேச்சை வெள்ளைக்காரத் துரைமார் புத்தகத்தைப் பார்த்துக் கற்க முயன்றார்கள். 'இங்கே வா' என்றே தலைப்பிட்ட சட்டைப்பை வழிகாட்டி ஒன்று உதவி நிர்வாகிகளான சின்னத்துரைமாருக்காகக் கொழும்பில் அச்சானது. 1915இல் டபிள்யூ. ஜி. பி. வெல்ஸ் எழுதிய நூலின் பெயர் 'கூலித் தமிழ்'. பேசுகிறவர்களைத் தாழ்த்தும் அந்தத் தலைப்பை இன்றும் கோபமில்லாமல் படிக்க முடியவில்லை. ஏவலுக்காக மட்டும் ஒரு மொழியைக் கற்பவருக்குச் சொற்கள் கிடைக்கும். அரைப்பேர் என்று சொல்லும்போது ஒரு தாயின் குரல் ஏன் இறங்குகிறது என்பது கிடைக்காது.

ஆனாலும் தமிழ் துரைமாரின் நாவில் ஏறிவிட்டது. பெரிய துரை அவர்களுடைய ஆங்கிலத்தில் 'பி.டி.' ஆனார், சின்னத்துரை 'எஸ்.டி.' ஆனார். இணைய இளைஞர்கள் செய்யும் சுருக்கம் இதே வகைதான். அதுவும் புதிதல்ல: 'ஓ.எம்.ஜி.' என்ற சுருக்கத்தை 1917இலேயே பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி ஃபிஷர் சர்ச்சிலுக்கு எழுதிய கடிதத்தில் பயன்படுத்தினார்.

புத்தகம் போதாதென்றால் இப்படிப்பட்ட பேச்சைக் கற்பது எப்படி? 2008இல் லிண்டா ஸ்மித், சென் யூ என்ற ஆய்வாளர்கள் பன்னிரண்டு, பதினான்கு மாதக் குழந்தைகளுக்கு ஒரே நேரத்தில் இரண்டு படங்களையும் இரண்டு புதுச் சொற்களையும் தந்தார்கள். எந்தச் சொல் எந்தப் படத்துக்கு என்பதை ஒரு தடவையில் கண்டுபிடிக்கவே முடியாது. சொற்களையும் படங்களையும் மாற்றி மாற்றிச் சேர்த்துக் காட்டியபோது, எது எதனோடு திரும்பத் திரும்ப வருகிறது என்பதைக் குழந்தைகள் பிடித்துக்கொண்டார்கள். லயத்துப் பிள்ளைக்குப் பேரும் கைக்காசும் இப்படித்தான் வந்து சேர்ந்திருக்க வேண்டும்: மழை நாளில் ஒரு தடவை, சம்பள நாளில் ஒரு தடவை, அம்மா கணக்கப்பிள்ளையோடு வாதாடுகையில் ஒரு தடவை. கைபேசிப் பேச்சைக் கற்க விரும்பும் பெரியவருக்கும் அகராதியைவிடப் பத்து உரையாடல்களைப் பொறுமையாகக் கவனிப்பது உதவும். யார் யாரிடம் சொல்கிறார், அதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதில் பாதிப் பொருள் இருக்கிறது.

புதுச்சொல் எந்த வழியாக நுழைகிறது என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். ஜேம்ஸ் மில்ராய், லெஸ்லி மில்ராய் இருவரும் பெல்ஃபாஸ்ட் நகரத்துத் தொழிலாளர் தெருக்களில் கண்டது இது: எல்லாரும் எல்லாரையும் அறிந்த நெருக்கமான இடத்தில் பழைய பேச்சு நிலைக்கும், மேலோட்டமான அறிமுகங்கள் வழியாகத்தான் புதுப்பேச்சு பரவும். அடுத்தடுத்த காம்பராக்களில், அதாவது ஒற்றை அறைகளில், தலைமுறைகள் வாழ்ந்த லயம் முதல் வகை. கொழும்புக் கடைகளில் வேலை செய்யும் இளைஞர்களும் அவர்கள் கைபேசிகளும் இரண்டாம் வகை. தீபாவளிக்கு ஊர் திரும்பும் பையனோடு 'வேற லெவல்' வந்து சேர்கிறது; அவன் அம்மாவிடம் முதலில் விசாரிப்பது, இந்த மாதம் எத்தனை பேர் விழுந்தது என்றுதான்.