பழைய எழுத்துருவும் புதிய உலாவியும்

கிளிநொச்சிப் பாடசாலையொன்றில் இருபது ஆண்டுகளுக்கு முன்னர் தட்டச்சுச் செய்யப்பட்ட வினாத்தாளொன்றை இன்றைய கைத்தொலைபேசியிலே திறந்து பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். 'தமிழ்' என்றிருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்னும் ஆங்கில எழுத்துக்கள் நான்கும் ஓர் அரைப்புள்ளியும் காணப்படலாம். கோப்புப் பழுதடைந்துவிட்டதோ என எண்ணத் தோன்றும். பழுது எதுவும் இல்லை. அது பாமினி எழுத்துருவிலே அமைந்தது, அவ்வளவே.

பாமினி, ஆங்கில எழுத்துக்குரிய இலக்கங்களின்மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திய எழுத்துரு. போர்வை இல்லாத கணினியில் உள்ளிருக்கும் ஆங்கிலமே வெளிப்படும். இத்தகைய எழுத்துருக்களை நம்பிய இணையத்தளங்கள் சில, எழுத்துருவையும் பக்கத்தோடு சேர்த்தே அனுப்பின. அதிலும் ஒரு தொல்லை. 1997 இல் வெளிவந்த நெட்ஸ்கேப் 4 ஒருவகைக் கோப்பையும் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 4 வேறொருவகைக் கோப்பையும் கேட்டன. இன்றைய உலாவிகள் அக்காலப் பக்கங்களைத் திறக்கின்றன. அவ்விருவகைக் கோப்புகளையும் ஏற்பதில்லை. பக்கம் உண்டு, தமிழ் இல்லை.

ஒருங்குறி 1991 இலேயே தமிழுக்குத் தனி இலக்கங்களை வகுத்தது. எனினும் விண்டோஸ் 2000 வந்த பின்னரே அது பலரது மேசைக்கு எட்டியது. பழைய கணினி உடையோர்க்குப் புதிய முறை வெறுங் கட்டங்களாகத் தெரிந்தது. பாமினி இல்லாதோர்க்குப் பழைய முறை ஆங்கிலமாகத் தெரிந்தது.

பழையதைப் புதியதாக மாற்றும் கருவிகள் இன்று இலவசமாகவே கிடைக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு நம்பத்தக்கவை அல்ல. பாமினியிலே, தட்டச்சுப்பொறி வழக்கப்படி, கொம்பு முன்னும் ககரம் பின்னும் வரும். ஒருங்குறியில் ககரமே முன். இதனைக் கருவி எளிதிற் சரிசெய்யும். இடறுவது ஔகாரத்திலேதான். ஔகாரக் குறியின் வலப்பாதிக்கும் ளகரத்துக்கும் பாமினியில் ஒரே விசை. 'கௌரி' என்ற பெயரும் 'கெளிறு' என்ற மீனும் ஒரே மூன்று விசைகளில் தொடங்குகின்றன! கருவி ஊகிக்கவே செய்யும். பிழையாக ஊகித்து ளகரத்தை இட்டுவிட்டால் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. தேடும்போது மட்டும் கௌரி அகப்படமாட்டாள்.

வன்னியிலே இது சிறு காரியமன்று. 2009 இல் மக்கள் இடம்பெயர்ந்தபோது கடதாசிப் பதிவுகள் பல அழிந்தன. எஞ்சிய இறுவட்டொன்றில் மாணவர் இடாப்பு இருக்குமாயின், மூலக் கோப்பை அழியாது வைத்துக்கொண்டு, மாற்றிய பட்டியலை அப்பிள்ளைகளை அறிந்த ஒருவர் பெயர் பெயராக வாசித்துப் பார்த்தல் வேண்டும்.